மேஜை மேல் இரண்டு தொப்பிகள்

"ஹார்லன் சிவப்பா, டன்மோர் பச்சையா? நீயே சொல்லு மார்லா, எனக்குத் தலை சுத்துது" என்றான் ராய்ஸ்.

சமையலறை மேஜையில் இரண்டு தொப்பிகள் இருந்தன. ஹார்லன், டன்மோர் என்ற இரண்டு கல்லூரிகளும் ஆசை காட்டி அனுப்பி வைத்தவை. அலபாமாவின் பரம வைரிகளான அந்த இரண்டுக்குமே ஒரே வாரத்தில் அமெரிக்கக் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் தேவைப்பட்டார். இரண்டுக்கும் ராய்ஸ்தான் வேண்டுமாம். சின்னஞ்சிறு டெல்வில் கல்லூரியை இறுதிப் போட்டி வரை இழுத்துக்கொண்டு போனவன் ஆயிற்றே! சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவன் மனைவி மார்லா, பன் போல மெத்தென்ற பிஸ்கட்டைச் சுடச்சுடப் பிட்டுத் தட்டில் போட்டு, மேலே கிரேவியை ஊற்றினாள். "நீ சொல்லு, கேக்கறேன்."

"ஹார்லன்ல ஒரு லட்சம் பேர் உக்கார்ற மைதானம். எங்க போனாலும் ராஜ மரியாதை."

"ரெண்டு மேட்ச் தோத்துப் பாரு. வாசல்ல 'வீடு விற்பனைக்கு'ன்னு போர்டு நட்டுட்டுப் போவாங்க. முன்னால இருந்த ஆளுக்கு அதான் நடந்துச்சு."

"டன்மோர்ல அந்தத் தொல்லை இல்ல. நல்லா ஆடற பசங்களும் அங்கதான் சேர்றாங்க."

"நன்கொடை குடுக்கற பெரிய மனுஷங்க, யாரை ஆட வைக்கணும்னு போன் போட்டுச் சொல்வாங்களாமே?"

"எதைச் சொன்னாலும் நொட்டை சொல்றியே!"

"ஏழு ஊர் மாறியாச்சு ராய்ஸ். நம்ம பொண்ணு டெஸ்ஸுக்குப் பள்ளிக்கூடத்துல இது கடைசி வருஷம். இப்பதான் பாவம், அவளுக்குன்னு நாலு சிநேகிதிங்க கிடைச்சிருக்காங்க. டெல்வில்லயும்தான் இருக்கச் சொல்லிக் கெஞ்சறாங்க. இருந்துடலாம்னு ஒரு பேச்சுக்காவது சொல்லேன்."

"இந்தப் பட்டிக்காட்டுலயா? விளையாடறியா?" ராய்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேளை, அந்தக் கிழட்டு ஆந்தைக்கு இன்னும் மூக்கு வேர்க்கல."

கிழட்டு ஆந்தை, ரசிகர்களின் இணையதளங்களில் எழுதும் முகம் தெரியாத ஆள். யாருக்குக் காயம், யாரை வெளியே உட்கார வைக்கப் போகிறார்கள் என்று அது எழுதிய எதுவும் இதுவரை பொய்த்ததில்லை. அணிக்குள் எவனோதான் உளவு சொல்கிறான் என்று ராய்ஸ் தன் உதவியாளர்கள் அத்தனை பேரையும் வறுத்தெடுத்திருக்கிறான்.

போன் அடித்தது. ஹார்லனின் விளையாட்டு இயக்குநர்.

"உன்கிட்ட இதை எதிர்பார்க்கலய்யா! போயும் போயும் டன்மோருக்கா விலை போனே? நாங்க வேற ஆளைப் போட்டாச்சு."

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

"என்ன உளர்றார் இந்த மனுஷன்? சரி, டன்மோருக்கே போயிடலாம்" என்று அவன் எண்ணைத் தேடும்போதே, அவனுடைய ஏஜென்ட் அழைத்தான்.

"அடப்பாவி! ஹார்லனுக்குக் கையெழுத்துப் போட்டதை என்கிட்டகூடச் சொல்லலயே! டன்மோர்க்காரங்க கொதிச்சுப் போய் வேற ஆளை அறிவிச்சுட்டாங்க."

"நான் எங்கயும் கையெழுத்துப் போடலடா!"

"கிழட்டு ஆந்தை அடிச்சுச் சொல்லுதே! படம் வேற போட்டிருக்கு. அனுப்பறேன், பாரு."

படம் வந்தது. 'ராய்ஸ் முடிவு செய்துவிட்டார்' என்ற வரிக்கு மேலே, ஹார்லனின் சிவப்புத் தொப்பி. தொப்பிக்கு அடியில் எலுமிச்சம்பழப் படம் போட்ட மேஜைவிரிப்பு.

ராய்ஸ் குனிந்து பார்த்தான். அவன் முழங்கைக்கு அடியிலும் எலுமிச்சம்பழங்கள். தூக்கிவாரிப் போட நிமிர்ந்தான்.

"இதை டன்மோர்க்காரங்க தளத்துல போட்டேன், பச்சைத் தொப்பியை ஹார்லன்காரங்க தளத்துல போட்டேன்" என்றாள் மார்லா, தட்டை அவன் பக்கம் நகர்த்தியபடி. "சாப்பிடு, ஆறிடப் போகுது. அடுத்து, நீ டெல்வில்லயே இருக்கப் போறேன்னு எழுதப் போறேன். ஆந்தை எழுதி இதுவரைக்கும் எது பொய்யாயிருக்கு, கோச்?"