பதினான்காம் நம்பர் வீட்டுக்கு ஒயர்

ஏணியை எடுக்கச் சொன்னார் கிராணி. டோரின் அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே, பலகைச் சுவரில் பாதித் துளை போட்டிருந்த ரவிச்சந்திரன் டிரில்லை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். இணைய ஒயர் இழுக்க வந்தவன் அவன். இறங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இறங்க நினைத்தாலும் வழியில்லை.

காலை பத்து மணி. மலேசியாவில், லிங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பதினெட்டு வீடுகள் கொண்ட பழைய லயம் அது. ஒயர் வண்டி உள்ளே வந்ததை யாரோ ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ராமகிருஷ்ணன் மோட்டர் சைக்கிளில் பறந்து வந்திருந்தார்.

அவருக்கு டோரினை நன்றாகவே தெரியும். செனாவாங்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஷிப்டு பார்த்தவள். கணினிப் பலகைகளைச் சோதித்துத் தேறியது, தேறாதது என்று பிரித்துப் போட்ட கை. அப்பா அம்மா இருந்த இந்த வீட்டுக்கே அவள் திரும்பி வந்து பத்து வருடம் ஆகிறது.

யாரும் கேட்காமலே கருத்துச் சொல்வாள். டேப்லெட் என்பது போனாகவும் உருப்படாமல், கணினியாகவும் உருப்படாமல் போன சாமான். வருடத்துக்கு ஒரு புதுப் போன் வாங்குகிறவனுக்குப் பழைய போனில் இருந்த பாதி விஷயம் என்னவென்றே தெரிந்திருக்காது. பின்னால் மூன்று கேமரா வைத்துக்கொண்டு அவன் படம் எடுப்பது சோற்றுத் தட்டைத்தான்.

லுக்குட்டில் போன் கடை வைத்திருக்கும் சீனர், அவளைக் கண்டதும் நாற்காலி போடுவார். ஆனால் மற்ற வாடிக்கையாளர்களிடம் அவளைப் பேச மட்டும் விடமாட்டார்.

அவள் ரொம்பவும் முரண்டு பிடித்தது ஒயர் விஷயத்தில்தான். லயத்துக்குள் சிக்னல் நன்றாக வருகிறதே, ஒரு சிம் கார்டு போதாதா என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். காற்றில் வருவது மழையோடு போய்விடும் என்பாள். ஒயரில் வந்தால்தான் அதற்குப் பேர் நெட் என்பாள்.

பெரிய ரோட்டில் புது வீடமைப்புக்காக இணைய ஒயர்க் கம்பம் நட்டதும் விண்ணப்பம் போட்டாள். இப்படி ஒரு முகவரி இல்லை என்று பதில் வந்தது. மறுபடி போட்டாள். ஒன்பது தடவை அதே பதில். பத்தாவது தடவை வீட்டைப் படம் பிடித்து, வரைபடத்தில் புள்ளி வைத்துப் புகாராக அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் இன்று ரவிச்சந்திரன் வந்தான்.

"டோரின்க்கா, மேனேஜர் ஆர்டர். இந்த லயத்த ஒடைக்கப் போறாங்க. ஒடைக்கிற வீட்டுக்கு எதுக்குக்கா நெட்டு?"

"ஒடைக்கிறப்ப ஒடைங்க தம்பி. அதுவரைக்கும் நான் படம் பாக்கணும்லா."

கிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானே ஒரு சிம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவர் ஏணியில் கை வைக்கப் போனார். ஏணி ஒயர் கம்பெனிச் சொத்து, விழுந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாள். கை நின்றது.

பக்கத்து வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள்.

கிராணி மேனேஜருக்குப் போன் போட்டார். படம் பார்க்கத்தானாம், சும்மா நெட்டுப் பைத்தியம் என்று அவள் காதுபடவே சொன்னார். உடைக்கப் போகிற வீடுதானே, விட்டுவிடு என்று பதில் வந்திருக்க வேண்டும்; மோட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து ஏணிக்கு வழி விட்டாள்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ரவிச்சந்திரன் வேகத்தை அளந்து பெருமையாகக் காட்டினான். வேகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையெழுத்தை டேப்லெட்டிலேயே போடலாம் என்று நீட்டினான். அவள் தாள்தான் வேண்டும் என்றாள். வண்டியைக் குடைந்து ஒரு படிவத்தை எடுத்து நிரப்பி, முத்திரை குத்திக் கொடுத்தான்.

டோரின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். அவள் பெயர். அடையாள அட்டை எண். வீட்டு எண் பதினான்கு, லயம், தோட்டம், அஞ்சல் குறியீடு. தேதி.

இரண்டாவது முறையும் படித்தாள்.

அந்த லயத்தில் தண்ணீரும் கரண்டும் தோட்டத்தின் பெயரில்தான் வந்தன. இந்தப் பெயர்கொண்டவர் இந்த வீட்டில் இருக்கிறார் என்று வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்த தாள், பதினெட்டு வீட்டிலும் ஒன்றுகூட இல்லை.

தாளைப் படம் எடுத்துச் சிரம்பானில் இருக்கும் வக்கீலுக்கு அனுப்பினாள்.

மாற்று வீடு கேட்டுப் பதினெட்டுக் குடும்பங்களும் போட்ட வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. தோட்டக் கம்பெனி சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் ஒரே வரிதான்: ஆறு வருடமாக அந்த லயத்தில் யாரும் குடியில்லை.

வேலியோரம் அதே லயத்து முனியாண்டி நின்றிருந்தார். எழுபது வயது. பட்டன் போனில் அழைப்பை எடுக்க மட்டும் தெரியும்.

"அண்ணே, நாளைக்கு ஒங்க வீட்டுக்கும் ஒயர் கேட்டு எழுதிப் போடுறேன். கதவுல நம்பரு அழிஞ்சி கெடக்கு, கொஞ்சம் சாயம் அடிச்சி வைங்க."