கீழ்வீட்டு டாக்டர்

"டாக்டர்னு போர்டு மாட்டியிருக்கீங்களே, என்ன படிச்சிருக்கீங்க?"

கேட்டவர் மருத்துவக் கவுன்சில் அதிகாரி. போலி டாக்டர்களைச் சலித்து எடுப்பதால் ஆபீசில் அவருக்குச் 'சல்லடை' என்று பேர். இதுவரை முப்பத்தொரு பேர் மாட்டியிருக்கிறார்கள். முப்பத்தொரு போர்டையும் தன் கையாலேயே கழற்றினார். அதற்கென்று பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பதறவே இல்லை.

"எறும்பு சார்."

"என்னது?"

"எறும்புகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினேன். காலேஜ்ல பாடம் எடுக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம். எறும்புக்குக் காய்ச்சல் வந்தா உங்ககிட்ட அனுப்பறேன்! பட்டம் உங்களோடதுதான், யாரும் பிடுங்கல. ஆனா வெறும் டாக்டர்னு இவ்வளவு பெரிசா, அதுவும் மாடிப்படி ஓரத்துல, அம்புக்குறி வேற போட்டு மாட்டினா, நோயாளிங்க வருவாங்களா, எறும்பு வருமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், தோளில் குழந்தையோடு ஒரு தாய் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, காலையிலேர்ந்து உடம்பு அனலாக் கொதிக்குது!"

சல்லடைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வசமாகச் சிக்கினாள் என்று நோட்டைத் திறந்தார்.

ஆனால் அவள் குழந்தையைத் தொடக்கூட இல்லை. பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போன் போட்டு, "ஒரு குழந்தை வருது, உடனே பாருங்க" என்றாள். தெருவில் போன வண்டியை நிறுத்தித் தாயையும் குழந்தையையும் ஏற்றிவிட்டாள்.

"ஓஹோ, ஆள் பிடிச்சுக் குடுக்கற வேலையா?" என்றார் சல்லடை. "மாடியில நாப்பது வருஷமா வைத்தியம் பாக்கற பெரியவர் இருக்கார். அப்படியொரு கைராசி அவருக்கு! அவரைத் தேடி வர்றவங்களை வாசல்லயே மடக்கறீங்களே, அவருக்கு வயிறு எரியாதா? அதான் எட்டுப் பக்கத்துக்குப் புகார் எழுதியிருக்கார்."

அவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவரேவா எழுதினார்?"

"அவரேதான். பாருங்க, எழுத்து முத்து முத்தா இருக்கு."

அதற்குள் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக, பெரியவர் மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"கழட்டியாச்சா? ஒரு நோயாளியையும் மேல விடமாட்டேங்கறா சார் இவ! வைத்தியம் பாக்காம எனக்குக் கையே ஓடல!"

"இதோ ஆச்சு டாக்டர்!"

சல்லடை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். முதல் திருகு கையோடு வந்துவிட்டது.

"வேணாம் சார்," என்று அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கெஞ்சினாள். "இதைக் கழட்டினா யாராவது செத்துப்போவாங்க."

"என்னம்மா, என்னையே மிரட்டறியா?"

அவள் உள்ளே ஓடிப்போய் ஒட்டிய கவர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "போர்டைக் கழட்ட வர்றவர்கிட்ட மட்டும்தான் குடுக்கணும்னு சத்தியம் வாங்கியிருந்தார்."

சல்லடை ஸ்டூலில் நின்றபடியே பிரித்தார். உள்ளேயும் அதே முத்து முத்தான எழுத்துதான். தேதி மட்டும் இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

"ஐயா, நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை எழுதுகிறேன். எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது. நேற்று ஒரு கைக்குழந்தைக்குப் பெரியவர்களுக்கான அளவில் மருந்து எழுதிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் கவனித்துத் தடுத்ததால் குழந்தை பிழைத்தது. இனி நான் வைத்தியம் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் அந்த முடிவே எனக்கு மறந்துபோகிறது. யார் படியேறி வந்தாலும் மருந்து எழுத உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் கீழ்வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி, அவள் வாசலில் இந்தப் போர்டை மாட்டினேன். வருகிறவர்களை வேறு நல்ல இடத்துக்கு அனுப்பிவிடுவாள்."

கீழே கையெழுத்து. பேருக்கு முன்னால் பழக்கத்தில் 'டாக்டர்' என்று எழுதிவிட்டு, தானே அதன்மேல் ஒரு கோடு போட்டிருந்தார்.

சல்லடைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மனுஷன்! எத்தனையோ பேர் அந்தப் பட்டத்தைத் திருடிப் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவர் அவர். உரிமையுள்ள ஒருவர் தானாக அடித்துவிட்டதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"கீழ என்ன சத்தத்தையே காணோம்? கழட்டியாச்சா, இல்லையா?" என்று பெரியவர் மறுபடி கத்தினார்.

சல்லடை மேலே நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியது.

"பின்பக்கமும் எழுதியிருக்கு சார்," என்றாள் கீழே நின்று தாளை அண்ணாந்து பார்த்த அவள்.

திருப்பினார். இரண்டே வரி.

"இதையெல்லாம் மறந்து, ஒருநாள் நானே இந்தப் பெண்மேல் உங்களிடம் புகார் கொடுப்பேன். நான் எவ்வளவு கெஞ்சினாலும் போர்டைக் கழற்றிவிடாதீர்கள்."