அவருக்குத்தான் பிரஷர்

திரையில் அவள் கண் ஒரு நிலாவைப் போல எழுந்தது.

ஆரஞ்சு நிற நிலா. அதன் மேல் சிவப்பு ஆறுகள்.

சற்று முன்பு இதே திரையில் அவள் கணவரின் கண்ணைக் காட்டினார்கள். ஆறுகள் அகலமாக, சீராக ஓடின. இத்தனை வருஷ ரத்த அழுத்தத்துக்கு விழித்திரையில் ஒரு கீறல்கூட விழவில்லை என்றாள் இளம் டாக்டர்.

"வீட்ல உங்கள நல்லாப் பாத்துக்கறாங்க சார்."

அவர் சிரித்தார். பாராட்டு தனக்குத்தான் என்பது போல.

அவள் துணைக்கு வந்தவள். அவருக்குச் சொட்டு மருந்து விடும்போது, அம்மாவும் சும்மாதானே இருக்காங்க, பாத்துருவோம் என்று நர்ஸ் அவளுக்கும் விட்டிருந்தாள்.

இப்போது டாக்டர் சிரிக்கவில்லை.

பேனா நுனி திரையின் மேல் நகர்ந்தது. "இந்தக் குழாய் தடிச்சுப் போச்சும்மா. அடியில போறத நசுக்குது. இங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. இங்கயும். பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"எனக்கு இல்லம்மா. அவுகளுக்குத்தான் பிரஷர்."

டாக்டர் பிரஷர் பார்க்கும் கருவியின் பட்டையை அவள் கையில் சுற்றினாள். அளவைப் பார்த்தாள். திரும்பவும் சுற்றினாள். பிறகு, கீழ்த்தளத்துக்குப் போய் இப்போதே பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றாள். நாளைக்கு இல்லை. இப்போதே.

கீழ்த்தளத்து பெஞ்சில் காத்திருந்தார்கள்.

வீட்டிலும் அப்படியொரு கருவி உண்டு. அதற்கு ஒரு உறை தைத்ததும் அவள்தான். தினமும் காலையில் அவர் கையை நீட்டுவார். அவள் பட்டையைச் சுற்றுவாள். அந்தப் பட்டைக்குள் இன்னொரு கை போனதே இல்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

சோறு ஆறியிருந்தால் அவருக்குப் பிரஷர். கதவு சத்தமாகச் சாத்தினால் பிரஷர். அவள் அண்ணன் செத்த அன்று பின்வாசலில் நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அதெல்லாம் போகட்டும்.

சங்கவி.

மகள் தூத்துக்குடியிலிருந்து கூப்பிடுவாள். அப்பா தூங்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். புருஷன் பெல்ட்டை உருவியதைச் சொல்வாள். வந்துரட்டுமாம்மா என்பாள். பொறுட்டி, அப்பா பிரஷர் மனுஷன், பக்குவமாச் சொல்லுதேன் என்பாள் இவள்.

பக்குவம் வரவே இல்லை. பெல்ட் வந்துகொண்டிருந்தது.

ஒரு கீறல்கூட இல்லை.

அந்தச் சொற்களை அவள் மெல்ல மெல்ல மென்றாள். பல்லுக்கடியில் மணல் போல நெரிந்தன. அவர் ரத்தம் அமைதியாக ஓடட்டும் என்று, அவள் பெற்ற பிள்ளையை அடிவாங்க விட்டிருக்கிறாள். கோபம் யார் மேல் என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முதலில் தன் மேல். அது நிறைந்து வழிந்து பக்கத்தில் இருந்தவர் பக்கம் ஓடியது.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு நேரம்? சாப்பாட்டு நேரம் தாண்டுது. எனக்குப் பிரஷர் ஏறுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் விட்ட மருந்தின் வேகம் இன்னும் இறங்கவில்லை. அவர் முகம் கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு மங்கலான உருண்டையாக இருந்தது.

இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் பயப்படாமல் இருந்தது இப்போதுதான்.

போனை எடுத்து மறுபக்கம் இருந்த பெண்ணிடம் நீட்டினாள். "கண்ணு தெரியல தாயி. சங்கவின்னு இருக்கும். போட்டுக் குடு. சத்தமா வைக்கிற பட்டனையும் அமுக்கு."

மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை.

"அம்மா?" குரல் தாழ்ந்திருந்தது. "அப்பா பக்கத்துல இருக்காவளா?"

"இருக்காவ."

"அப்ப பொறவு பேசுதேன்."

"வைக்காதட்டி."

அவள் போனை பெஞ்சின் மேல், தனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தாள்.

"என்கிட்ட சொன்னத எல்லாம் சொல்லு. ஒண்ணு விடாம."