ஆறாவது கட்டம்

தையற்கூடத்து அம்மாள் இந்த ஆண்டும் ஆறாவது கட்டத்திலேயே குறியிட்டிருந்தார்.

வசந்தத்தில் மலைமுழுதும் பூக்கும் மரங்களைக் காணச் செல்வோர்க்குப் பயணச் சீட்டும் தங்கும் அறையும் அமர்த்தித் தருவது எங்கள் அலுவலகம். விண்ணப்பப் படிவத்தை வகுத்தவன் நான். பூவை எந்த நிலையில் காண விருப்பம் என்ற கேள்வியின் கீழே, பூவின் பருவங்களுக்கு நம் மொழி வழங்கிய ஏழு பெயர்களையும் ஏழு கட்டங்களாக அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிற்றெழுத்தில் பொருளும் தந்திருந்தேன்.

அரும்பில் தொடங்கிச் செம்மலில் முடியும் அந்த வரிசையில் எல்லாரும் நான்காவதையே தேர்வார்கள்: மலர்.

ஆறாவது, வீ. மரத்தை விட்டு உதிர்ந்த பூ.

“ஏம்மா, ‘வீ’ன்னா என்னன்னு தெரிஞ்சுதான் டிக் பண்ணீங்களா?”

“தெரியும் சார். பக்கத்துலயே நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க.”

அடுத்த மேசையில் அறைப் பதிவு பார்க்கும் அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பூ வரும் நாள்களைக் காட்டும் படத்தை அம்மாளின் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த மலையில் பூ ஒரு வாரமே நிற்கும். அவருக்கோ ஆண்டுக்கு ஆறு நாளே விடுப்பு. போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவே நான்கு. நாங்கள் அனுப்பும் உறுதிக் கடிதத்தைப் பார்த்துத்தான் தையற்கூடத்தில் விடுப்பு எழுதுவார்கள். எழுதிய பின் மாற்ற மாட்டார்கள். கடிதம் போகும் நாள் இன்று.

போன ஆண்டும் இப்படித்தான் குறியிட்டிருந்தார். கவனப்பிசகு என்று கொண்டேன். ஆண்டெல்லாம் ஊசியின் கீழே கண்ணை வைத்திருப்பவர், கிடைத்த சில நாளையும் வெறுங்கிளையைப் பார்த்துக் கழிக்க வேண்டாமே என்று, அவரைக் கேளாமலே நான்காவது கட்டத்துக்கு மாற்றிக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். ஒரு நல்ல மனத்துக்குப் பூ எடுத்துக் கொடுத்த நிறைவு எனக்கு. அன்று மாலை விளக்கேற்றும்போதுகூட அதை நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, பூ நன்றாக இருந்தது என்றார்.

“நாலாவதுலயே போட்டுடறேன்மா. போன வருஷம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே.”

பேனாவை எடுத்தேன்.

அவருடைய கை படிவத்தின்மேல் வந்து அமர்ந்தது. விரல்நுனியெல்லாம் ஊசி பட்ட பழைய புள்ளிகள். அமர்ந்த கை அசையவில்லை.

அக்காளுக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, நீங்க பூ பாக்கப் போறீங்களா, குப்பை பாக்கப் போறீங்களா?”

“குப்பைதான் அக்கா,” என்று அம்மாளும் சிரித்தார். “அதைக் கூட்டுறவரு என் வீட்டுக்காரரு.”

அக்காளின் சிரிப்பு பாதி வழியில் நின்றது.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். பூ நிற்கும் வரையில் அங்கே தோட்டப் பணியாளர் எவர்க்கும் ஒரு வேளைகூட ஓய்வு கிடையாது. பகலெல்லாம் கயிற்றுக்கு வெளியே பார்வையாளர் கூட்டம், இருட்டிய பின் விளக்கொளியில் மறுபடியும் கூட்டம். கடைசி இதழையும் கூட்டி அள்ளிய பிறகு நான்கு நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் லாரி வந்து எல்லாரையும் வடக்கே அடுத்த மலைக்கு ஏற்றிச் சென்றுவிடும். அங்கே அப்போதுதான் அரும்பு கட்டும். இலை பழுக்கும் காலத்துக்கு வேறொரு மலை. பனிக்காலத்துக்கு இன்னொன்று.

பேனாவை மூடி வைத்தேன்.

“அப்போ, போன வருஷம்...” என்றேன். ஏழு பெயர் அறிந்தவன் நான்.

“பாத்தேன் சார். கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தாரு. நாலு நாளும் திரும்பத் திரும்ப வரிசையில போய்ப் போய்ப் பாத்தேன்.”

என் முகத்தைக் கண்டதும், என்னைத் தேற்றுவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நிக்காதீங்க, நடந்துட்டே இருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றதுதான் சார் அவரு வேலை. எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. எனக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா.”