ஆழம் பார்க்க வந்த குண்டு

மலை உச்சி ஏரியின் அடியில் ஒரு பெண் நண்டு வயிறு நிறைய முட்டைகளோடு கிடந்தது. அதன் தலைக்கு நேரே, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு ஒன்று இறங்கி வந்தது.

"எதற்கு வந்தாய்?" முட்டைகளை மறைத்துக்கொண்டு கேட்டது நண்டு.

"ஆழம் பார்க்க" என்றது குண்டு. "படகில் இருக்கிறவர்கள் அனுப்பினார்கள். மலையைக் குடைந்து, இந்தத் தண்ணீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம்."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று கரையில் மனிதர்கள் பிள்ளைகளை அதட்டுவதை நண்டு கேட்டிருந்தது. ஆழம் என்றால் அவர்களுக்குப் பயம். பயந்தால் போய்விடுவார்கள்.

"இதெல்லாம் ஓர் ஆழமா? இப்படி வா." குண்டைக் கொடுக்கால் உருட்டிப்போய், நண்டுகளே எட்டிப்பார்க்க அஞ்சும் பாறைப் பிளவுக்குள் தள்ளிவிட்டது. கயிறு ஓடிக்கொண்டே இருந்து, ஒருவழியாக நின்றது.

மேலே சத்தமே இல்லை. நண்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு கைதட்டல் கேட்டது.

மேலே இழுபட்டுப் போகிற வழியில் குண்டு சொன்னது: "ஆழம் போதவில்லை, திரும்பிவிடலாம் என்றுதான் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள்."