முழுக்கு ஞானஸ்நானம்

எங்கள் ஏரிக்கரை பாப்டிஸ்ட் சபையில் தலையில் தண்ணீர் தெளித்தால் செல்லாது. ஆளே முழுசாக முங்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த புதுப் போதகர் ஜேம்ஸ், போன ஞாயிறு தன் முதல் ஞானஸ்நானத்துக்காகச் சடையனை ஏரியில் முக்கினார்.

முங்கியவர் எழவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு துழாவியும் ஆளைக் காணோம்.

"ஐயோ கர்த்தாவே, கொன்னுட்டேனே!" போதகர் போட்ட அலறலில் ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திரக் கரைக் கொக்குகளெல்லாம் பறந்தன.

கரையில் சடையனின் மனைவி ராஜம்மா மட்டும் அசையவில்லை. "கத்தாதீங்க பாஸ்டரய்யா, ஓடிப்பூடும்!"

"எது?"

பத்தடி தள்ளி எழுந்தார், தண்ணீருக்குள் முங்கிக் கையாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் சடையன். இரண்டு கையிலும் இறால் துள்ளியது.

"பழைய வாழ்க்கையைத் தண்ணியிலயே விட்டுட்டு எழுந்திருக்கணும்னு சொன்னேனே!"

"அத்த வுட்டுட்டேன்யா. கையில மாட்டுன எறால இன்னாத்துக்கு வுடணும்?"