இரண்டு விரற்கடை

இறந்தவர்களை இந்துப்புச் சுரங்கத்தில் வைப்பது என்று ஆனபின், எங்கள் ஆறு வயது மகள் குழலிக்கும் அங்கே ஓர் அறை கிடைத்தது. உப்பில் உடல் கெடாது. ஆனால் மலையின் பாரத்தில் உப்பு மெல்லப் பிதுங்கிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு இரண்டு விரற்கடை வாசல் குறுகும்.

மூன்றாம் நினைவு நாளில் என் வயிறு வாசலில் இடித்து, நுழைய முடியவில்லை. அன்றிலிருந்து என் மனைவி செண்பகம் மட்டும் ஒருக்களித்து உள்ளே நுழைந்து, பிள்ளையின் தலையை வருடிவிட்டு வருவாள். நான் வெளியே நிற்பேன்.

இந்த ஆண்டு காவலாளி டேப்பை இழுத்து அளந்தார். "இருபத்து மூணு சென்டிதாம்மா இருக்கு. பெரியவங்க நுழைய முடியாது."

செண்பகம் நுழைந்துவிட்டாள். திரும்பி வந்தபோது ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது, முழங்கைகளில் சிராய்ப்பு. இரண்டு வருடமாக இரவில் அவள் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசியில்லை என்பாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

ஊர் திரும்பும் வழியில், ஹோட்டலில் அவள் தட்டில் இரண்டு இட்லி வைத்தேன். ஒன்றை எடுத்து என் தட்டில் போட்டாள்.

"சாப்பிடு, செண்பகம்."

"அடுத்த வருசம் பத்தொம்பதுதாங்க இருக்கும்" என்றாள்.